பழைய கப்பல் தாங்கும்

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

அம்மா வானொலியை விட்டு எழுந்திருப்பதே இல்லை. எதிரிகள் நீரிணையில் கண்ணிவெடி போடுகிறார்கள் என்று கேட்டதிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "அதை வாரத்தானே இவன் கப்பல் இருக்கு?" என்கிறாள். எனக்கும் பயம்தான். கப்பல் எப்படி இருக்கிறதென்று அவளுக்கு வாசித்துக் காட்ட நாலு வரி எழுதேன். என் ஆபீஸிலும் இதே பேச்சுதான். கடற்படையின் கப்பல் திட்டப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு அதற்குமேல் நான் எழுதக் கூடாது.

உன் அக்கா

பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவிடம் சொல்: எங்கள் கிழவி கல்லு மாதிரி இருக்கிறாள். முப்பது வயதுக் கப்பல் என்று பெயர்தான், இன்னும் ஐந்து வருஷத்துக்கு அசைக்க முடியாது. எனக்கு எடை மூன்று கிலோ கூடிவிட்டது. சமையல்காரருக்கு என்மேல் தனிப் பாசம். அவர் சமையலைக் குறை சொல்லாத ஒரே ஆள் நான்தான்.

உன் தம்பி

மார்ச் 3

அன்புத் தம்பி,

செய்தித்தாளில் வந்துவிட்டது, இனி எழுதலாம். கப்பல் கட்டும் மேடை ஒன்றுதான் காலி. அதில் முதலில் கட்டுவது உன்னுடையது போன்ற கண்ணிவாரிக் கப்பலா, பெரிய போர்க்கப்பலா என்று ஒரு மாதமாக இழுபறி. கடைசிக் கூட்டத்தில் நான் எழுந்து, "பழைய கண்ணிவாரிங்க இன்னும் அஞ்சு வருஷம் தாங்கும் சார். அதுல வேலை பாக்கறவங்களே சொல்றாங்க" என்றேன். அதோடு முடிந்தது, போர்க்கப்பல்தான் முதலில். எல்லோர் முன்னாலும் எங்கள் பிரிவுத் தலைவர் என்னைப் பாராட்டினார். சின்ன வயதிலிருந்தே உன் வாயில் எதுவும் தங்காது. அது எனக்கு உதவுமென்று யார் கண்டது.

உன் அக்கா

மார்ச் 11

அக்கா,

அது அம்மாவுக்காக எழுதியது. நீயுமா நம்பினாய்?

இயந்திர அறையில் கணுக்கால் அளவு தண்ணீர். பம்பை நிறுத்தினால் முழங்காலுக்கு ஏறிவிடும். வெடியைக் கண்டுபிடிக்கும் கருவி நினைத்தால் வேலை செய்கிறது, நினைத்தால் இல்லை. உன்மேல் கோபமில்லை, பொய் சொன்னவன் நான். நாளைக் காலை நீரிணைக்குக் கிளம்புகிறோம். பயமாக இருக்கிறது. அம்மாவிடம் இதை வாசிக்காதே.

தம்பி

ஏப்ரல் 2

என் தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே தலைவரிடம் ஓடினேன். "நீங்கதானேம்மா தாங்கும்னு சொன்னீங்க? கூட்டக் குறிப்புல உங்க பேரோட இருக்கே" என்றார். போர்க்கப்பலுக்கு அடித்தகடு வைத்துக் கட்டத் தொடங்கியாகிவிட்டது. அடித்தகடு வைத்தபின் வரிசையை மாற்றக் கூடாதென்பது எங்கள் விதி. அதைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியவளே நான்தான்.

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. வானொலியில் இப்போது நீரிணை என்ற பேச்சே வருவதில்லை. அம்மா தினமும் உன் பிப்ரவரிக் கடிதத்தை வாசிக்கச் சொல்கிறாள். கல்லு மாதிரி என்ற இடத்தில் நிறுத்திவிடுகிறேன். "ஏன்டி நிறுத்திட்டே, படி" என்கிறாள்.

நாலு வரி எழுது கண்ணா. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.

உன் அக்கா