பதினைந்து பவுன்

ஐப்பசி 10, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். மிளகு காயவில்லை. கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும். மாசமாக இருக்கும் மகள் சுமதிக்கு ஏழாம் மாதம் தொடங்கிவிட்டது, இந்த வெள்ளிக்கிழமை விளக்கு அவள் பெயருக்கு.

சேலத்திலிருந்து வக்கீலம்மா போன். வீடு எனக்கு, லாட்ஜ் என் வீட்டுக்காரருக்கு, இருவரும் மனம் ஒத்துப் பிரிவது. எல்லாவற்றுக்கும் அவர் சரி என்றாராம். செம்மநத்தம் காப்பித் தோட்டம் மட்டும் முடியாதாம். பட்டா அவர் பெயரில். என் நகை பதினைந்து பவுனை விற்று வாங்கியது என்று மனுவில் எழுதியிருக்கிறோம். ஒரு பவுன்கூடப் போகவில்லை என்கிறார்.

"குப்பனூர் கோயில்ல கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணட்டும், தோட்டத்த எழுதித் தர்றேங்கறாருங்க. கோர்ட்டுல இதுக்கு மதிப்பில்ல. ஆனா உங்களுக்குத்தான் சாமி பக்தி நொம்ப ஆச்சே, சுலபந்தானுங்களே?"

சரிங்க என்று வைத்துவிட்டேன். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தேன்.

பதினைந்து இல்லை. பதினொன்று.

ஐப்பசி 11, செவ்வாய்

பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். "நகை 15 பவுன் விற்றது, தோட்டத்துக்கு." இருபத்தெட்டு வருஷ நோட்டுகளில் தெரிந்தே எழுதிய பொய் இது ஒன்றுதான். நாலு பவுன் வளையல் தம்பியின் ஆபரேஷனுக்குப் போனது. அவரிடம், நகை விலை குறைந்துபோயிற்று என்று சொல்லிவிட்டேன். அந்த நோட்டைத்தான் வக்கீலம்மாவிடமும் காட்டினேன்.

15 என்று அணைத்தால் சுமதி வயிற்றில் இருப்பதற்கு ஏதாவது ஆகும்.
11 என்றால் எல்லாமே பொய் என்பார்.
போகாவிட்டால் தோட்டம் இல்லை. இனி என் சாப்பாடு அந்தக் காப்பியும் மிளகும்தான்.

சுமதி போனில், "உங்க பயம் தெரிஞ்சுதாம்மா அப்பா கோயிலுக்குக் கூப்பிடறாரு. போகாதீங்க."

"ஒண்ணுமில்ல கண்ணு. நீ நொம்ப நேரம் நிக்காத."

இன்னொன்று. குப்பனூர் அம்மன் அவர் வீட்டுக் குலதெய்வம். பிரிந்தபின் அம்மன் யார் பக்கம்? கேட்க ஆளில்லை.

பால் திரிந்துவிட்டது.

ஐப்பசி 14, வெள்ளி

முதல் பஸ், வெறும் வயிறு. கோயிலில் அவர், அவர் அண்ணன் பெரிய மாமா, பூசாரி. அவர் புதுச் சட்டை.

"தைரியமா வந்துட்டியே. வக்கீல் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றார்.

பெரிய மாமா, "நீ கம்முனு இருடா."

பித்தளைத் தட்டில் கற்பூரத்தைப் பெரிய கட்டியாக வைத்துக் கொளுத்தினார் பூசாரி.

"தோட்டத்துக்குப் போனது பதினொரு பவுனுங்க மாமா. நாலு என் தம்பி ஆபரேஷனுக்குக் குடுத்தேன். இவருகிட்ட மறைச்சுட்டேன்."

கையை வைத்து அணைத்தேன். பயத்தில் எடுக்கத் தோன்றவில்லை. "அணைஞ்சிருச்சும்மா, எடும்மா" என்று பூசாரிதான் சொன்னார். தட்டு சுட்டுவிட்டது.

அவர் சிரித்தார். "பாத்தீங்களாண்ணா? மனுவுல பதினஞ்சு, இங்க பதினொண்ணு. அத்தனையும் பொய்யி."

பெரிய மாமா இன்னொரு கட்டி வைக்கச் சொன்னார். "ஒரு பவுனும் போகலைன்னு நீ அணைடா பாக்கலாம்."

எரிந்தது. அவர் போனைப் பார்த்தார். வேப்பமரத்தைப் பார்த்தார். கற்பூரம் தானே எரிந்து தீர்ந்தது.

"திங்கக்கெழம போயி எழுதிக் குடுத்துரு" என்றார் பெரிய மாமா.

ஐப்பசி 15, சனி

வலது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். கற்றாழை தடவினேன். வக்கீலம்மாவிடம் பதினொன்று என்று சொல்லிவிட்டேன். திட்டு. "மொதல்லயே சொல்ல மாட்டீங்களா?"

திங்கள் வர இன்னும் இரண்டு நாள். மனசு மாற அவருக்கு அது போதும்.

ஐப்பசி 17, திங்கள்

சேலம், நோட்டரி வக்கீல் ஆபீஸ். அவர் வந்திருந்தார். பத்திரம் இங்கிலீஷில். தமிழில் சொல்லச் சொன்னேன். தோட்டம் இருக்கிறது, பதினொரு பவுன் இருக்கிறது. அவர் கையெழுத்துப் போட்டார். பிறகு நான். விரல் மடங்கவில்லை, கோணலாக விழுந்தது.

அவருடைய வக்கீலின் குமாஸ்தா பழைய காகிதத்தோடு ஒத்துப் பார்த்தார். "அந்தக் கையெழுத்து மாதிரியே இல்லைங்களே. கை ஆறட்டும், இன்னொரு நாள் வச்சுக்கலாம்."

இன்னொரு நாள் என்றால் அவர் வரமாட்டார். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் வாய் திறக்காமல் இருந்தாலே போதும், தோட்டம் அவருக்கு. அம்மன் பெயர்கூட எனக்கு வரவில்லை.

அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ போட்டதுதானுங்க. இருபத்தெட்டு வருசமா பாக்கறேன். சீல் வைங்க."

என் பக்கம் திரும்பாமலே எழுந்து போய்விட்டார்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மலை ஏறினேன். கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.