எர்த் குழியும் பிச்சிக்கொடியும்

2003 மார்ச் 9, ஞாயிறு

டர்ன்டேபிள் வந்துவிட்டது. சென்னையிலிருந்து லாரி சர்வீசில், பழைய போர்வை சுற்றி. தட்டு பெல்ட்டில் ஓடுகிறது. ஊசி இனி ரிக்கார்டை உழாது. பழைய பிளேயர் பரணுக்குப் போயிற்று.

மகன் ஹரி கோவைக்குப் படிக்கப் போனபின் வீட்டில் நாங்கள் இரண்டே பேர், ஆளுக்கொரு அறை. சுகுணாவுக்கு டி.வி., எனக்கு ரிக்கார்டு. கல்யாணமான புதிதில் இப்படியா இருந்தோம்? பாட்டுப் போடுவது நான். ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்து திருப்பிப் போடுவது அவள். யாரும் பேசி வைத்ததில்லை, அப்படி அமைந்தது. பழைய செட்டின் கரகரப்புக்குப் பயந்துதான் அவள் எழுந்து போனாள் என்று நம்புகிறேன். மறுபடி வந்து உட்கார வேண்டும். இத்தனை பாடும் அதற்குத்தான்.

மார்ச் 12

புதுத் தட்டின் மூடியை யாரோ துடைத்திருக்கிறார்கள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்!

மார்ச் 23, ஞாயிறு

திருநெல்வேலி ஜெயகிருஷ்ணன் செய்துகொடுத்த போனோ பிரீஆம்ப் வந்தது. சோப்புப் பெட்டி அளவுதான். ஊசியிலிருந்து வரும் முணுமுணுப்பை ஆம்ப்ளிபையருக்குக் கேட்கும்படி பெருக்கிக் கொடுக்கிற வேலை அதற்கு. மாட்டினேன். அடேயப்பா, பாடுகிறவர் மூச்சு வாங்குவது கேட்கிறது!

சுகுணா அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்து, ஒரு பாட்டு முழுக்க நிலைப்படியில் நின்றாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். உட்காரவில்லை. பரவாயில்லை, வாசல்வரை வந்தாயிற்று.

ஏப்ரல் 15

குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வமாகிவிட்டது. பாத்திரம் கழுவின தண்ணீரைக்கூட சுகுணா பிடித்துவைத்துக் கழிப்பறைக்கு ஊற்றுகிறாள்.

இதற்கிடையில் செட்டில் ஓர் இரைச்சல். பாட்டுக்கு அடியில் ங்ங்ங் என்று ஓயாமல். இன்று நாற்காலிவரை வந்தவள், "என்ன இது, பெட்டிக்குள்ள வண்டு வளக்குதீங்களா?" என்று கேட்டுவிட்டு டி.வி.க்கே போய்விட்டாள். கதவையும் சாத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஒயரெல்லாம் மாற்றியாயிற்று. ங்ங்ங். ஜெயகிருஷ்ணனுக்கு போன் போட்டுச் சத்தம் போட்டேன். "அண்ணாச்சி, போன மாசம் நல்லா பாடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? பெட்டி மேல கோவப்படாம வீட்டு எர்த்தைப் பாருங்க" என்றான். வீடு கட்டும்போதே கொல்லையில் குழாய் புதைத்துப் போட்ட எர்த், அதற்கென்ன கேடு என்று போனை வைத்துவிட்டேன்.

பிறகு தட்டின் இரும்பில் கை பட்டது. சுரீர். கொல்லைக்குப் போய்ப் பார்த்தால், கரிசல் பாளம் பாளமாக வெடித்து, எர்த் குழாயைச் சுற்றிக் கை நுழைகிற இடைவெளி. குழாய் சும்மா அந்தரத்தில் நிற்கிறது! எர்த் காய்ந்தால் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றுவதுதான் நம்மூர் வழக்கம். கல்லுப்பு அரை மூட்டை, இரண்டு குடம் தண்ணீர். தண்ணீருக்கு சுகுணா முறைத்தாள். ஆனால் இரைச்சல் போயே போச்சு. ஜெயகிருஷ்ணனிடம் நாளை மன்னிப்புக் கேட்கவேண்டும்.

ஏப்ரல் 25

எப்படி எழுத. கொல்லைச் சுவரில் சுகுணாவின் பிச்சிக்கொடி கருகிவிட்டது.

"கொடி மூட்டுல என்னத்தப் போட்டீங்க?"

"எர்த்துக்கு உப்புப் போட்டேன்."

"உங்க எர்த்து எங்கன இருக்குன்னு நினைச்சீங்க? ஹரி பொறந்த வருசம் வச்ச கொடி இது. பாத்திரம் கழுவுத தண்ணி அம்புட்டும் இங்கனதான் ஊத்துவேன். இந்தப் பஞ்சத்துலதான் நிறுத்தினேன். அப்பவும் உசுரோடதானே நின்னுச்சு!"

அழுதுவிட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொடியும் குழாயும் ஒரே குழியில். அவள் ஊற்றின தண்ணீரில்தான் என் எர்த் இத்தனை வருசமும் ஈரமாக இருந்திருக்கு. அவ ஊத்துதத நிறுத்தினதும் இரைச்சல் வந்துச்சு. நான் என்னடான்னா உப்பைக் கொண்டுபோய்க் கொட்டி— மடப்பய. பதினெட்டு வருசக் கொடி. தினம் அவ தலையில பாக்குத பூ, அது எங்கேருந்து வருதுன்னுகூட நான் யோசிச்சதில்ல.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையிலிருந்து மண்வெட்டியும் கையுமாக இருந்தேன். உப்பு மண்ணை வேர் படாமல் அள்ளி வெளியே கொட்டினேன். கண்மாய் வண்டல் ஒரு வண்டி சொல்லி நிரப்பினேன். எர்த் குழாயையும் பிடுங்கி மேற்குச் சுவரோரம் நட்டுவிட்டேன். கருகின கொடியைச் சுகுணாவே முழங்கால் உயரத்துக்கு வெட்டினாள். என்னோடு பேச்சில்லை.

மே 4

நான் குளிக்கிற தண்ணீரைத் தொட்டியில் நின்று பிடித்துக் கொடிக்கு ஊற்றுகிறேன். புது எர்த்துக்கு ஊற்ற மிச்சமில்லை. ங்ங்ங் திரும்பி வந்தாயிற்று. இருக்கட்டும். செட்டைத் துணி போட்டு மூடிவிட்டேன்.

மே 19

நேற்று சாயங்காலம் கோடை மழை. சின்ன மழைதான். காலையில் சுகுணா, "ஏங்க, இங்கன வாங்க" என்றாள். பேசிவிட்டாள்! கட்டையின் அடியில் நெல்மணி அளவில் பச்சை. இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். எனக்குக் கண் கலங்கியது, சொல்ல என்ன வெட்கம்.

ஜூன் 8, ஞாயிறு

தளிர் இப்போது சாண் உயரம்.

மழை பெய்து நாளாயிற்று. ஆனாலும் மேற்குச் சுவரோரம் எர்த்தைச் சுற்றி மண் ஈரமாக இருந்தது. மேலே இரண்டு மூன்று சோற்றுப் பருக்கை. நான் ஊற்றவில்லை. உள்ளே வந்து துணியை எடுத்துவிட்டு ரிக்கார்டு போட்டேன். இரைச்சல் இல்லை. சுகுணா டி.வி.யை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

முதல் பக்கம் முடிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அவள் எழுந்துபோய்த் திருப்பிப் போட்டாள்.