ஹூட் போட்ட நிமிடங்கள்

15 நவ., சனி
மூடுபனி. எங்கள் ஊர் ஷ்லீரனில் எதிர்வீட்டுப் பல்கனிகூடத் தெரியவில்லை. லீவு. மகள் துஷாவின் விமானப் பதிவுப் புத்தகத்தைத் துண்டுச் சீட்டுகளிலிருந்து பார்த்து எழுதி முடித்தேன். அவளுடையது டொக்டர் எழுத்து, என்னுடையது அச்சு. படிப்பு ஓ.எல்.லோடு நின்றாலும் எழுத்து பட்டதாரி. மேகத்துக்குள் ஓட்டும் லைசென்ஸ் பரீட்சைக்கு, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டியது நாற்பது மணித்தியாலம் வேண்டும். என் கூட்டல் 43. புதன்கிழமைக்குப் பரீட்சை பதிந்துவிட்டாள்.
வாங்க: பால், கறிவேப்பிலை, பேனை.

16, ஞாயிறு
புத்தகத்தைத் திறந்தாள். வீடு அதிர்ந்தது.
"அப்பா! முழுப் பறப்பையும் எழுதி வச்சிருக்கிறியள். ஹூட் போட்ட நேரம்தான் கணக்கு!"
ஹூட் என்பது குதிரைக்குக் கட்டுவதுபோல் ஒரு கண்மறைப்பு. வெளியே தெரியாது, முன்னாலுள்ள கருவி முள்ளுகள் மட்டும். அவளுக்காக வெளியே பார்க்க, லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். கிளப் நண்பன் ரெட்டோ.
"ஹூட்டைக் கழட்டினாப் பிறகு ஆர் ஓட்டினது? பிள்ளையாரோ?"
"நான்தான். ஆனா அது வேற பத்தி!"
நான் என்னத்தைக் கண்டேன். இருபத்திரண்டு வருடமாகச் சலவைக்கூடத்தில் நேர அட்டையில் ஸ்டெம்பல் அடித்து உள்ளே போனால், அடித்து வெளியே வரும்வரை வேலைநேரம். உடுப்பு மாற்றுவதும் சேர்த்து. ரெட்டோவும் அதே ஹூட் நிமிடங்களைத் தன் புத்தகத்தில் எழுதலாமாம்! ஒரு நேரம், இரண்டு பேருக்கு. என்ன சட்டமோ.
சரியாகக் கூட்டினால் நாற்பதுக்கு 84 நிமிடம் குறைவு.
மனைவி: "ஆர் எட்டிப் பாக்கப் போகினம்? விடு பிள்ளை."
துஷா: "மேகத்துக்குள்ள போனா அந்த நிமிசம் என்னட்ட இருக்கோணும் அம்மா. புத்தகத்தில இருந்து என்ன?"
நான்: "ரெட்டோ வராட்டி நான் பக்கத்தில இருந்து பாக்கிறன்."
"கார் லைசென்ஸோடயோ?"


18, செவ்வாய்
பத்து மணிக்குப் பனி விலகியது. அந்த 84 நிமிடத்தை நிரப்ப ரெட்டோ வந்தான். பின்சீட்டில் நான், கெஞ்சி வாங்கிய இடம். மதியத்துக்குள் விமானத்தை அடுத்தவருக்குக் கொடுக்கவேண்டும். அளந்து வைத்த நேரம்.
கீழே ஏரி முழுக்க இன்னும் பனி, பால் பொங்கி நின்றது போல. மேலே வெயிலில் மலைகள். பிள்ளை ஹூட்டுக்குள் முள்ளுகளோடு. மனம் கேட்கவில்லை. தோளைத் தட்டினேன்.
"ஒருக்காப் பார் பிள்ளை."
கழற்றினாள். பார்த்தாள். ரெட்டோவும் பார்த்தான், அவன் வேலையே அதுதானே. ஒருவரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.
இறங்கி எண்ணினால் 78.
ஆறு நிமிடம்!
84 என்று எழுதச் சொல்ல வாய் உன்னியது. அவள் தன் கோழிக்கிறுக்கலில் 78 என்று எழுதினாள். என் பிழைகளுக்கு மேல் ஒவ்வொரு கோடு, பக்கத்தில் கையெழுத்து.
நாளைய பரீட்சையைத் தள்ளிவைக்கப் பரீட்சகருக்குப் போன் எடுத்தாள். காரணம் கேட்டிருப்பார் போல.
"மீன் பாப்பா," என்றாள் சுவிஸ் ஜெர்மனில். 'என் அப்பா' என்று அர்த்தம்.
அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

19, புதன்
பரீட்சை அடுத்த வெள்ளி. ஆறு நிமிடம் நாளைக்கு.
நான் வீட்டிலாம்.