பூங்காவனத்தின் பெண்

பருத்திப்பட்டு
தாது வருஷம், மார்கழி 8

ஜம்புக்கண்ணு,

கை பழகின பழக்கத்தில் இப்படி எழுதிவிட்டேன். ஆசை என்று நினைத்துக்கொள்ளாதே.

பிள்ளையோடு ஊர் வந்து சேர்ந்தேன். கப்பல் ஆட்டம் இன்னும் காலை விட்டுப் போகவில்லை. ஏரியில் குடத்தைச் சாய்த்தால் கரை நகர்கிறது. அங்கே ரங்கூனில் குழாயைத் திருப்பினால் தண்ணீர், பொழுது சாய்ந்தால் தெருவெல்லாம் விளக்கு. இங்கே வந்து பார்த்தால் எல்லாம் இருட்டாகத் தெரிகிறது. அவ்வளவு வெளிச்சமான ஊரில் என் பெண் பூங்காவனத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

எதிர்வீட்டு ராஜம்மா வந்தாள். "இன்னாக்கா, ரங்கூன் பொம்பளைங்க இம்மாம் பெரிய சுருட்டு புடிப்பாங்களாமே, நெசமா?" என்றாள்.

"ஆமாண்டி, நானும் ரெண்டு புடிச்சிட்டுதான் கப்பலேறுனேன்."

"பட்டு எதுனா கொண்ணாந்தியா?"

"இதோ கீதே" என்று பிள்ளையைக் காட்டினேன். எழுந்து போய்விட்டாள்.

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை என்னிடம் அனுப்பு என்று ஆடியிலிருந்து எழுதினேன். இங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, அந்தப் பட்டிக்காட்டில் என்ன இருக்கிறது என்று பதில் போட்டாய். மனசு கேட்காமல் நானே கிளம்பி வந்தேன். கப்பலை விட்டு இறங்கினால், அவளை எரித்து மூன்று நாள் ஆகியிருந்தது. உன் பக்கத்து வீட்டுப் பூந்தமல்லிக்காரி ஜுலைகா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மில்லுக்கு நெல் பிடிக்க வெளியூர் போன நீ, கொள்ளி வைக்கத்தான் வந்தாயாம்.

வெளியில் கொடுத்தால் கஷ்டப்படுவாள், தாய்மாமனுக்குத்தானே கொடுக்கிறேன் என்று கூடப்பிறந்த தம்பிக்குக் கொடுத்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எல்லம்மா


ரங்கூன்
19-1-1937

அக்காவுக்கு நமஸ்காரம்.

வைதது போதும். நான் வேண்டுமென்றா போனேன்? போகாவிட்டால் என் இடத்தில் வேறு ஆளை வைத்துவிடுவார்கள். அப்புறம் அவளுக்கு எதைக் கொண்டு சோறு போடுவேன்?

மாசியில் எனக்குக் கல்யாணம். இங்கே குடியிருக்கும் கள்ளிக்குப்பத்துக் குடும்பம். பெண் நல்லவள். பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்க்கச் சம்மதித்திருக்கிறாள். இங்கே என்னோடு வேலை செய்யும் திருவேங்கடம் சம்சாரத்தோடு ஊருக்கு வந்திருக்கிறார். அவர்கள் திரும்பும்போது பிள்ளையைக் கொடுத்தனுப்பவும். கப்பலேறின அன்றைக்கு நீ அழுத அழுகையைப் பார்த்துத்தான் சும்மா இருந்தேன். கொடுத்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

ஜம்புலிங்கம்


பருத்திப்பட்டு
தை 22

ஜம்பு,

திருவேங்கடமும் சம்சாரமும் வந்தார்கள். உள்ளே கூப்பிடவில்லை.

"பெத்தவன் கேக்கறான், குடுத்துடும்மா. பத்திரமா இட்டுகினு போறோம்" என்றார்.

"பெத்தவ போயிட்டா. கேக்கறவன் நேர்ல வந்து கேக்கட்டும்."

"உன் தம்பிதானேம்மா அவன்?"

"அதனாலதான் தொடப்பத்த எடுக்காம பேசினுகீறேன்."

அந்த அம்மாள் மட்டும் போகும்போது பிள்ளையின் காலைத் தொட்டுவிட்டுப் போனாள்.

கல்யாணம் செய்துகொள். என் பெண்ணுக்கு வருஷம்கூடத் திரும்பவில்லையே என்று வாயில் வருகிறது. சொல்லவில்லை.

எல்லம்மா


ரங்கூன்
25-2-1937

அக்காவுக்கு,

ஊர் சிரிக்கும்படி செய்துவிட்டாய். இனிமேல் கெஞ்சமாட்டேன். அவள் என் மகள். நீ கொடுக்காவிட்டால் கோர்ட்டு கொடுக்கும். பட்டணத்து வக்கீலுக்கு எழுதியாகிவிட்டது. சித்திரையில் நானே வருகிறேன். அப்போது அழுது பிரயோஜனமில்லை.

ஜம்புலிங்கம்


பருத்திப்பட்டு
பங்குனி 1

ஜம்பு,

வக்கீல் எதற்கு? நீ வா. கூட்டிக்கொண்டு போ. நான் அழமாட்டேன்.

பிள்ளைக்கு ஆட்டுப்பால்தான் ஒத்துக்கொள்கிறது. பாதித் தண்ணீர் விட்டுக் காய்ச்ச வேண்டும் என்று உன் பெண்டாட்டியிடம் சொல். நேற்று குப்புற விழுந்தது. விழுந்துவிட்டு, யார் தள்ளினது என்கிற மாதிரி என்னை முறைக்கிறது.

உனக்கு ஒரே ஒரு வேலை. ஜுலைகாவை ஆஸ்பத்திரிக்குள்ளே விடவில்லை. வாசலில் வைத்துப் பிள்ளையைக் கையில் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, தாய் போய்விட்டாள் என்றார்கள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. நானோ நடுக்கடலில் இருந்தேன். நாளைக்கு இந்தப் பெண் வளர்ந்து கேட்டால், தாயைக் கட்டினவனைத்தானே கேட்பாள்? அதற்குப் பதிலை வைத்துக்கொண்டு வா. மறுபேச்சில்லாமல் பிள்ளையை உன் கையில் கொடுக்கிறேன்.

கண்ணை மூடுவதற்கு முன்னால், பூங்காவனம் தன் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாளா?