அடியில் இருக்கும் பெயர்

கார்த்திகை 3, புதன்.

காலையில் எங்கள் அச்சகத்துக்குச் சாத்தூர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் வந்தார். வேறொரு அச்சகம் போட்ட காலண்டரை நீட்டி, "இதே மாதிரி அடிச்சுக் குடுங்கம்மா. அடியில இருக்குற அவுக பிரஸ் பேரை மட்டும் எடுத்துருங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அடுத்தவுக வரைஞ்சதுல பேரை அழிச்சிட்டு நாங்க அடிக்க மாட்டோம், அண்ணாச்சி."

அவர் போனதும் கணவர், "சீசன்ல வந்த ஆர்டரை இப்படியா விரட்டுவ?" என்றார்.

மத்தியானம் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஒரே தாளில் நிறைய லேபிள்களை அடுக்க நான் ஒரு நிரல் எழுதி, எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தும் ஓர் அச்சு மென்பொருளில் சேர்க்க அனுப்பியிருந்தேன். அந்த மென்பொருளைப் பராமரிக்கும் பெண் மின்னஞ்சலில் கேட்டிருந்தாள்: "முழுக்க நீங்களே எழுதியதா?"

லேபிள்களை அடுக்கும் கணக்கு மட்டும் என்னுடையதல்ல. இணையத்தில் யாரோ போட்டிருந்தது. அதன் தலையில் மூன்று வரிகள் இருந்தன. யார் பார்க்கப் போகிறார்கள் என்று அன்றே அழித்துவிட்டேன்.

இப்போது மூலத்தைத் தேடி வாசித்தேன். முதல் வரி, எழுதியவர் பெயர். இரண்டாவது, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதி. மூன்றாவது, இந்த வரிகளை மட்டும் நீக்கக் கூடாது.

அந்தப் பெண்ணுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. ஜவுளிக்கடைக்காரர் முகத்துக்கு நேராகவாவது கேட்டார்.