வீக்கக் குளிசை

அளம்பில்,
முல்லைத்தீவு.
18.09.2024

ஆண்டவருடைய வீட்டில் அமைதியாக இருக்கும் என் அன்பு மச்சாள் யூலிற்றாவுக்கு,

எமில்டா எழுதுவது. உமக்கும் மதருக்கும் மடத்தில் உள்ள எல்லாருக்கும் எங்கள் தோத்திரம். உம்முடைய அண்ணர் இப்போது முன்விறாந்தையில் கதிரையைப் போட்டுக் கிழிந்த வலை பொத்துகிறார். நான் சுகம் என்று எழுதினால் அது பாதி உண்மை, மீதியைக் கீழே எழுதுகிறேன்.

உம்முடைய கடிதம் போன வெள்ளிக்கிழமை கிடைத்தது. அண்ணர் தேறிவிட்டார் என்று ஆவணியில் நான் எழுதினதை வாசித்து, மடத்தில் பதினேழு பேரும் நின்று நன்றிப் பாட்டுப் பாடினதாக எழுதியிருந்தீர். அதை வாசித்த கையோடு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். நீங்கள் பாடினது கொஞ்சம் முந்திப்போய்விட்டது, மச்சாள். பிழை என்னுடையது. உங்களிடம் தொலைபேசி மதருடைய மேசையில் மட்டும்தான் இருக்கிறது, இந்தக் கதையை மதருக்கு ஊடாகச் சொல்ல எனக்கு வெட்கம். அதனால் எழுதுகிறேன். முடிக்கும் வரைக்கும் கோபிக்காதேயும்.

ஆனி மாதம் அவர் படகைக் கொண்டுபோய் செம்மலைக் கரையில் ஏற்றிவிட்டு, இதுதான் எங்கள் கரை என்று கூடப் போகிற றஜித்தோடு சண்டை பிடித்தது உமக்குத் தெரியும். முப்பது வருசம் கண்ணை மூடிக்கொண்டு வந்து ஏறின மனுசன். பிறகு தலையிடி, சாப்பிட்டதெல்லாம் சத்தி, இடது கையில் பலமில்லை. யாழ்ப்பாணத்தில் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுத்தார்கள். டொக்டர் அருந்ததி என்று ஒரு பிள்ளை, என் மகள் வயதுதான் இருக்கும், படத்தை வெளிச்சத்தில் பிடித்து எனக்கும் காட்டினா. மூளையின் நடுவில் கோழிமுட்டை அளவில் ஒரு வெள்ளை. வேறு சில கட்டிகள் நடுவில் கறுத்து, ஓரம் மட்டும் மினுங்குமாம். இது முழுக்க ஒரே வெள்ளை, அதைச் சுற்றி மூளை வீங்கியும் இருக்கிறதாம். அதனால் லிம்போமா என்கிற புற்றுநோயாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டா. இரத்தத்தில் உள்ள வெள்ளைக் கலங்களில் வருகிற நோய், சிலருக்கு மூளைக்குள் மட்டும் வந்து குடியிருக்குமாம்.

சந்தேகம் என்ற சொல்லை அவா மூன்று தரம் சொன்னா. படத்தைப் பார்த்துப் பெயர் வைக்க முடியாதாம். முள்ளந்தண்டில் எடுத்த நீரிலும் ஒன்றும் பிடிபடவில்லை. மண்டையில் சின்னத் துளை போட்டு, ஊசியால் ஒரு துணுக்கு எடுத்து, அதைச் சாயம் போட்டு நுணுக்குக்காட்டிக் கண்ணாடியின் கீழ் பார்த்தால்தான் முடிவு சொல்லலாம். லிம்போமா என்றால் வெட்டுவதில்லை, மருந்து ஏற்றியே கரைப்பார்கள். வேறு கட்டி என்றால் வெட்டவேண்டி வரும். பெயர் தெரியாமல் இரண்டில் ஒன்றையும் தொடங்க மாட்டார்கள்.

அந்தத் துணுக்கு எடுக்கப் பன்னிரண்டு நாள் கழித்து வரச் சொல்லித் திகதி தந்தார்கள். அதுவரைக்கும் ஸ்ரெறொயிட் மருந்து எதுவும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் ஊசியில் வருவது கெட்டுப்போகும் என்று டொக்டர் திருப்பித் திருப்பிச் சொன்னா. தலையிடி கடுமையானால் உடனே கூட்டிவரவும் சொன்னா. வீட்டில் வேறு என்ன குளிசை போடுகிறார் என்று கேட்டா. பிரஷர் குளிசை, வயிற்றெரிவுக் குளிசை என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்புவித்தேன்.

நீர் கடற்கரையில் பிறந்தவர், உமக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் மதர் இதை வாசித்தால் விளங்கவேண்டும் என்று எழுதுகிறேன். எங்கள் கரையில் எல்லாப் படகிலும் ஒரு சின்னப் போத்தலில் வெள்ளைக் குளிசை இருக்கும். திருக்கை முள் குத்தினால், கடலில் மிதக்கிற சொறிமுட்டை பட்டுக் கை வீங்கினால் இரண்டைப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். வீக்கக் குளிசை என்போமே தவிர அதன் பெயர் என்ன, பிறப்பு என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. கத்தி, கயிறு, மண்ணெண்ணெய், அந்தப் போத்தல், எல்லாம் படகுச் சாமான். டொக்டர் மருந்தைக் கேட்டா, நான் மருந்தைச் சொன்னேன். படகுச் சாமானை யார் சொல்லுவார்கள்?

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் தலையிடியில் மனுசன் சுவரில் தலையை முட்டினார். திரும்பக் கூட்டிப்போக வாகனம் பிடிக்காமல், நான் பெரிய கெட்டித்தனமாக அந்தப் போத்தலை எடுத்தேன். தலைக்குள் வீக்கம் என்றுதானே சொன்னார்கள். நாளுக்கு ஆறு கொடுத்தேன். நாலாம் நாள் எழும்பிக் கோயிலுக்கு நடந்துபோனார். இடது கையால் எனக்குத் தேங்காய் துருவித் தந்தார், இருபத்தாறு வருசத்தில் அது முதல் தரம். அந்தச் சந்தோசப் புளுகத்தில்தான் உமக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். பங்குச் சுவாமி நன்றிப் பூசை வைத்தார். தண்ணீரூற்றில் இருந்து கருவாடு வாங்க வருகிற கமலாசனி, தான் வற்றாப்பளை அம்மனுக்கு வைத்த நேர்த்தியால்தான் சுகம் என்று சொல்லிப் பொங்கினா. நானும் போய் அந்தப் பொங்கலைச் சாப்பிட்டேன். இதை மதருக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

ஊசி போட்டுத் துணுக்கு எடுக்கவேண்டிய அன்று காலை இன்னொரு ஸ்கான் எடுத்தார்கள். அந்த வெள்ளையைக் காணவில்லை, புகை மாதிரி ஒரு சுவடு மட்டும். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். டொக்டர் அருந்ததி சிரிக்கவில்லை. அம்மா, என்ன கொடுத்தீர்கள் என்று மெல்லக் கேட்டா. ஒன்றுமில்லை என்று சத்தியம் பண்ணினேன். பிறகு ஏதோ நினைவு வந்து, பையில் இருந்த போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன். அது ஸ்ரெறொயிட்தானாம், மச்சாள். அவா ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கொடுத்த நாளையும் கணக்கையும் எழுதி எடுத்துக்கொண்டு, என்னை இருக்கச் சொல்லி விளங்கப்படுத்தினா. கட்டி சாகவில்லை, ஒளித்திருக்கிறது. இப்போது ஊசி போட்டால் செத்த கலங்கள்தான் வரும், அதில் பெயர் பிடிக்க முடியாது. குளிசையை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தவேண்டும். பிறகு அது திரும்பி வரும் வரைக்கும் காத்திருக்கவேண்டும்.

நான் விடவில்லை. நல்லாய்த்தானே இருக்கிறார், இந்தக் குளிசையையே கொடுத்துக்கொண்டு இருந்தால் என்ன என்று வாதாடினேன். கொஞ்ச நாளைக்குக் கேட்கும், பிறகு ஒரு நாள் கேட்காது, அன்றைக்கு எங்கள் கையில் ஒன்றும் இருக்காது என்றா. நான் இன்னும் வாயைத் திறக்கமுதல் உம்முடைய அண்ணர் பேசினார்.

"எமில்டா, பேர் தெரியாத ஒண்டைத் தலைக்குள்ள வச்சுக்கொண்டு நான் கடலுக்குப் போகமாட்டன். அது வெளிய வரட்டும்."

குளிசையைக் குறைக்கிற கணக்கை எழுதித் தரச் சொல்லி டொக்டரிடம் கேட்டேன். அவர் இவ்வளவு தெளிவாகப் பேசினதும் அந்தக் குளிசையின் புண்ணியம்தான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

நீர் பயப்படக் கூடாது. எனக்கு நம்பிக்கை இருக்கிறது, சும்மா சொல்லவில்லை. இப்படிச் சட்டென்று கரைந்தது லிம்போமாவின் குணத்தோடு ஒத்துப்போகிறதாம். லிம்போமா என்று வந்தால் அது மருந்துக்கு மடங்கக்கூடிய சாதி என்றும், அவருக்கு ஐம்பத்திரண்டு வயதுதான், உடம்பில் வலு இருக்கிறது என்றும் டொக்டர் சொன்னா. வேறு சில நோய் வருத்தங்களும் இப்படிக் கரையுமாம், அதனால்தான் துணுக்கு எடுக்காமல் விடமாட்டேன் என்கிறா. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. நானும் சும்மா இருக்கவில்லை. கடற்றொழிலாளர் சங்கக் கூட்டத்தில் எழும்பி, எந்த டொக்டர் கேட்டாலும் படகுப் போத்தலைத்தான் முதலில் சொல்லவேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். முன்னுக்கு இருந்த ஆம்பிளைகள் நிலத்தைப் பார்த்தார்கள். அரைவாசிப் பேர் என்னைப்போலத்தான் மறைத்திருப்பார்கள், மறைக்கிறோம் என்று தெரியாமலே.

கடைசிக் குளிசை கொடுத்து இன்றைக்குப் பதின்மூன்று நாள். இருபத்தேழாம் திகதி ஸ்கான். வெள்ளை தெரிந்தால் அன்றே கட்டில் தந்து அடுத்த நாள் ஊசி போடுவார்கள். எடுத்த துணுக்கு போதுமோ என்று அங்கேயே பார்ப்பார்களாம். இரண்டு கிழமைக்குள் பெயர் தெரியும்.

இன்று காலை தேத்தண்ணிக் கோப்பை அவருடைய இடது கையில் இருந்து நழுவிக் குசினி நிலத்தில் உடைந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எனக்குச் சந்தோசம் வந்தது, மச்சாள். உண்மையாகவே சந்தோசம். அப்பாடா, வருகிறது என்று நினைத்தேன். பிறகு ஓடுகளைக் கூட்டி அள்ளும்போது, கட்டின புருசனுடைய கை விழுகிறதைப் பார்த்துச் சந்தோசப்படுகிற பெண்சாதி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்து, அவர் காணாமல் அழுதேன்.

நீங்கள் பாடின நன்றிப் பாட்டை நான் குறை சொல்லவில்லை, அது எங்கள் கணக்கில் இருக்கட்டும். இப்போது உம்மிடம் வேறொன்று கேட்கிறேன். அந்த வெள்ளை இருபத்தேழாம் திகதி படத்தில் திரும்பத் தெரியவேண்டும் என்று மன்றாடும். ஊசி எட்டுகிற இடத்தில் தெரியட்டும், அதற்கு மேல் ஒரு நெல்மணி அளவும் வளராமல் நிற்கட்டும். நானும் முழங்காலில் நின்று பார்த்தேன். ஆண்டவரே, இவருடைய வருத்தத்தை என்று தொடங்கினால், எடுத்துவிடும் என்றுதான் என் வாய் முடிக்கிறது. காட்டும் என்று சொல்ல வருகுதில்லை. அதை எனக்காக நீர் சொல்லும்.

அண்ணருடைய ஆசீரும் என் முத்தமும் உமக்கு.

உம்முடைய மச்சாள்
எமில்டா