குறையலாம் என்று நீ சொன்ன சோளம்

பெரியநாயக்கன்பாளையம்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

அன்பு மகள் ரெபேக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே நாங்கள் மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம், அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று முழங்கால் போட்டு ஜெபிக்கிறேன். நான் சொல்லச் சொல்ல உன் அண்ணி கிருபாவதி எழுதுகிறாள். போனில் என்றால் நீ குறுக்கே பேசி என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய், அதனால்தான் கடிதம்.

கண்ணு, நம் சோளக்காட்டை விற்கப்போகிறோம். பதறாமல் முழுசாகக் கேள். கிறிஸ்துமஸ் சமயம் போனில் படம் காட்டினாயே, சூடு ஏற ஏற நம் பக்கத்து மானாவாரிச் சோளம் என்ன ஆகும் என்று உன் ஆராய்ச்சிக்காக நீ கம்ப்யூட்டரில் கணக்குப் போட்ட கோடு, அது சரிந்து கீழே போனது. விளைச்சல் பாதியாகக்கூடக் குறையலாம் என்றாய். மழை நன்றாக இருந்தால் இப்படி, இல்லாவிட்டால் அப்படி என்று வேறு கோடுகளும் காட்டினாய், ஆனால் உன் அண்ணன் ஜெஃபின் முதல் கோட்டோடு எழுந்து போய்விட்டான். நான் பின்னாலேயே போய், "புள்ள கொறையலாம்னுதானடா சொல்றா, கொறையும்னு சொல்லலியே" என்றேன். அவன், "ஆஸ்பத்திரியிலயும் அம்மா பொழைக்கலாம்னுதானுங்கப்பா சொன்னாங்க. படிச்சவங்க வாயில 'லாம்' வந்தா அவ்வளவுதானுங்க" என்றான்.

அதோடு அவன் காட்டுப் பக்கமே போகவில்லை, டவுனில் கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். கிருபாவதிகூட, "ஏனுங்க மாமா, கோட்டுக்குப் பயந்து காட்ட விப்பாங்களா? உங்க பையனுக்கு எப்ப வழுக்க விழுகும்னும் ஒரு கோடு போடச் சொல்லுங்க" என்று சிரித்தாள். இதை எழுதும்போது அவள் சிரிக்கவில்லை.

உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை அம்மணி, நீ பொய் சொல்லவில்லை. பண்ணைக் கூலியாக இருந்த என் அப்பன் அந்தக் காட்டை வாங்கினதிலிருந்து ஒவ்வொரு வெள்ளாமையும் எனக்கு நினைவிருக்கிறது. முன்பு ஆடிக்காற்றுக்குப் போர்வை தேடுவோம், இப்போது விடியும்வரை வெக்கை அடங்குவதில்லை. சோளம் ஆள் உயரம் நிற்கிறது, கதிரைக் கசக்கினால் பாதி பதர். ஆனாலும் மீதிப் பாதி மணிதானே? கொஞ்சமாவது விளைகிற காட்டை விளையாது என்று கொடுக்கிறோமே, அதுதான் நெஞ்சை அறுக்கிறது. புதன்கிழமை பத்திர ஆபீஸுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கைநாட்டு வைத்துவிடுவேன். மனசு விட்டுப்போன மகனைக் கட்டிவைத்தா உழவைக்க முடியும்? அப்புறம் அதில் வீட்டுமனைக் கல் நட்டுவிடுவார்கள்.

உன்னால்தான் என்று அழுதுகொண்டு இருக்காதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. அம்மா நினைவு நாள் ஜெபத்துக்குப் போனில் வந்துவிடு, மறக்காதே. ஆண்டவர் உன்னைக் கண்மணிபோலக் காக்கட்டும்.

இன்னொன்று. உன் கம்ப்யூட்டர் கணக்கில் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறாயாம், அதில் நம் ஊரும் ஒரு கட்டமாக இருக்கிறதாமே, கிருபாவதி சொன்னாள். காடு வீடாகிவிட்டது என்று அதை அழித்துப்போடாதே கண்ணு. அதில் வருஷா வருஷம் சோளம் விதைத்துக்கொண்டே இரு. பாதி விளைந்தாலும் போதும்.

உன் அப்பா,
ஞானமுத்து